நவமியா, தசமியா?

போன திங்கட்கிழமை கரண்ட் ரீடிங் எடுக்க ஒருவர் வந்தார். என் வீட்டில் மீட்டரும் காலண்டரும் அடுத்தடுத்து இருக்கின்றன. மனிதர் மீட்டரைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், ஊர்ல திங்கக்கெழமை. ஒங்க வூட்ல மட்டும் இன்னும் வியாழக்கெழமையே நடந்துகினு கீது?"

"கிழிக்க மறந்துட்டேன்பா."

"வூட்ல வேற யாரும் இல்லியா?"

"இல்லை."

"அதானே பார்த்தேன்" என்றவர், என் அனுமதிக்குக் காத்திராமல் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று வரிசையாகக் கிழித்துக் கையில் கொடுத்தார். "நானே லேட்டு சார். ஒம்போது வரிக்கும் ராவு காலம். மொத வூட்டுல ராவு காலத்துல ஏறக் கூடாது பாரு."

மீட்டருக்கு ஏது ராகு காலம்? அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கையில் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு நாட்கள்... என் வீட்டில் யாருக்கும் தேவைப்படாமலே போயிருக்கின்றன!

குடும்பம் நடக்கிற வீட்டில் இப்படி ஆகாது. பெண் பார்க்கப் போக வேண்டும், பிள்ளைக்கு மொட்டை அடிக்க வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் அமாவாசை என்றைக்கு என்றாவது பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் காலையில் தாளைக் கிழித்தே தீர வேண்டும். தனிக்கட்டைக்கு என்ன? ஆபீஸ் உண்டா, இல்லையா... இரண்டே நாள்தான் உலகத்தில்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு கிரேஸ் டீச்சர் ஞாபகமாகவே இருந்தது.

அறுபதுகளின் நடுவில் எனக்குச் சிட்லபாக்கத்தில் ஜாகை. அப்போது சிட்லபாக்கம் என்றால் ஏரி, ஏரிக்குக் கீழே வயல், நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ரிடையர் ஆனவர்கள் கட்டிய வீடுகள். சாயந்திரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் எதிரே வருகிற முகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெரு விளக்கு உண்டு. எரிகிற நாளும் உண்டு.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் டெல்லியில் இருந்தார். முன் போர்ஷன் கிரேஸ் டீச்சருக்கு. பின் போர்ஷன் எனக்கு. நடுவில் ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எப்போதும் வெள்ளையும் சாம்பலுமாகப் புடவை, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, அதில் சின்னதாகச் சிலுவை. காலையில் போவார். மாலையில் வருவார். விளக்கைப் போடுவார். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டால், சரி, டீச்சர் சாப்பிட்டாயிற்று என்று நானும் சாப்பிட உட்காருவேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் தனியாக இருந்தோம்.

எனக்கு இருபத்தைந்து வயது. பாரீஸ் பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க். ரேடியோ வாங்குகிற நிலைமை இல்லை. ஊரிலிருந்து அம்மா வருஷா வருஷம் ஒரு பஞ்சாங்கம் அனுப்பிவிடுவாள். பிள்ளை ஊர் பேர் தெரியாத இடத்தில் இருக்கிறான், நல்லது கெட்டது பார்த்து நடந்துகொள்ளட்டுமே என்று. படிக்க வேறு ஒன்றுமில்லாத சாயந்திரங்களில் நான் அதைத் தொடர்கதை மாதிரி படிக்க ஆரம்பித்தேன்.

சிரிக்காதீர்கள். பஞ்சாங்கத்தில் தினமும் ஏதாவது நடக்கிறது! ஒரு நட்சத்திரம் போகிறது, இன்னொன்று வருகிறது. ஒரு யோகம் முடிகிறது. சந்திரன் ராசி மாறுகிறான். என் அறையில் அதுகூடக் கிடையாது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது என்று போட்டிருக்கும். என் ஆபீஸ் வடக்கே. பரிகாரம் பால். அதைக் காபியில் ஊற்றிக் குடித்துவிட்டு பீச் வண்டியைப் பிடிப்பேன்.

இந்தப் பைத்தியம் டீச்சருக்கு எப்படித் தெரிந்ததோ... கிணற்றடியில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்திருக்க வேண்டும். புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை. துணி உலர்த்திக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அது பஞ்சாங்கம்தானே?"

"ஆமா டீச்சர்."

"ஐப்பசி மாசம் தேய்பிறை தசமி இந்த வருஷம் எந்தத் தேதியில வருதுன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

சிலுவை போட்ட டீச்சருக்குத் தேய்பிறை தசமி எதற்கு? என் முகத்தில் கேள்வி தெரிந்திருக்கும்.

"என் ஹஸ்பெண்டோட திதி" என்றார். "அவர் இந்து. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் விசுவநாதன். ரயில்வேயில் குமாஸ்தா. நங்கநல்லூரில் ஆசாரமான குடும்பம். தினமும் ஒரே எலெக்ட்ரிக் ரயிலில் போய் வந்த பழக்கம், ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்தது. இந்தப் பக்கம் அவருடைய தம்பி கதவைச் சாத்தினார். அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில், டீச்சரின் அப்பா சாத்தினார். இரண்டு பேரும் மதம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சரைச் சர்ச் வாசல் வரை கொண்டுவிட்டு, அவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாராம். முடிந்து வந்ததும், "என்ன, எனக்கும் சேர்த்துச் சொன்னியா?" என்று கேட்பாராம்.

குழந்தை இல்லை. பத்து வருஷம் இருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தந்தி கொடுத்ததும் தம்பி சங்கரன் ஆட்களோடு வந்தார். உடலை நங்கநல்லூருக்குக் கொண்டுபோனார்கள். டீச்சரை யாரும் வா என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசற்படியோடு சரி.

அதற்கப்புறம் வருஷா வருஷம் தம்பி ஒழுங்காகத் திதி கொடுத்துக்கொண்டு வருகிறார் என்று, கணவரோடு வேலை பார்த்த ஒருவர் மூலம் டீச்சருக்குத் தெரிந்தது. ஐப்பசி தேய்பிறை தசமி. அந்த நாள் என்றைக்கு என்று தெரிந்தால் போதும் அவருக்கு. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பார். அவ்வளவுதான். முதலில் அந்த நண்பரே தேதி சொன்னார். அவர் மாற்றலாகிப் போன பிறகு ஸ்கூலில் இன்னொரு டீச்சரைக் கேட்டார். 'உனக்கு எதுக்கும்மா இது?' என்கிற மாதிரி ஒரு பார்வையோடு பதில் வந்ததாம். இந்த வருஷம் என்னைக் கேட்டார்.

புருஷனின் நாளைக்கூட ஒவ்வொரு வருஷமும் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டியிருந்தது!

தேதியைப் பார்த்துச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சாயந்திரத்தில் வேலை கிடையாதே? இறந்த வருஷத்துத் தேதியையும் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு உண்மையிலேயே தசமிதானா என்று சரிபார்க்கலாமே என்று கிளம்பினேன். நாலு வருஷத்துக்கு முந்தைய பஞ்சாங்கம் வேண்டும். யாரையாவது திட்டத்தானே 'பழைய பஞ்சாங்கம்' என்போம்... நான் நிஜமாகவே ஒன்றைத் தேடி அலைந்தேன். பிள்ளையார் கோயில் குருக்கள் பரண்மேல் அடுக்கி வைத்திருந்தார். ஜாதகம் கணிக்கப் பழைய வருஷங்களெல்லாம் வேண்டுமாம். தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் தேதி நள்ளிரவில் மாறுகிறது. ஒழுங்கான பிள்ளை. திதிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சந்திரன் நகர்கிற கணக்கு அது. காலை பத்து மணிக்கும் மாறும், மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் மாறும். அன்றைக்கு, சூரியன் உதித்து இருபத்து மூன்று நாழிகை வரை நவமி என்று போட்டிருந்தது. அதற்கு மேல் தசமி. நாழிகைக்கு இருபத்து நாலு நிமிஷம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பகல் மூன்றே கால்.

உற்சாகமாக முன் போர்ஷனுக்குப் போனேன்.

"டீச்சர், சரியாத்தான் பார்த்திருக்காங்க. அன்னிக்கு மூணே கால் வரைக்கும் நவமி. சார் போனது எத்தனை மணிக்கு?"

"நாலரைன்னு... ஆஸ்பத்திரியில எழுதினாங்க."

"அப்ப தசமிதான். சந்தேகமே இல்ல. மூணே காலுக்கு முன்னாடின்னாத்தான் நவமி."

 டீச்சர் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. நான்தான், "டீச்சர், அடுப்பு" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து என்னைக் கூப்பிட்டார். வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலி. வெளியே மழை பிடித்திருந்தது. டீ கொடுத்தார். தான் எடுத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, மூணே கால்னு சொன்னீங்களே, அது நிச்சயமா?"

"அஞ்சு பத்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம் டீச்சர். ஏன்?"

"அவர் நாலரைக்குப் போகல."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மூணு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வாட்சைப் பார்த்தேன். கணக்கு டீச்சர் பாருங்க... பழக்கம்."

"அப்ப ஆஸ்பத்திரியில நாலரைன்னு..."

"நாலரைக்குத்தான் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவர் வந்து பார்த்துத்தான் சொன்னார். நான் யார்கிட்டயும் சொல்லல."

மழையைப் பார்த்தபடியே பேசினார்.

"நடுவுல ஒரு நர்ஸ் வந்து, 'தூங்கறாரா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். போயிட்டாங்க. சொல்லிட்டா உடனே தந்தி பறக்கும். தம்பி வருவார், ஆளுங்க வருவாங்க. அதுக்கப்புறம் அவர் எனக்கு யாரு? பிரேதம், அதுவும் அவங்க வீட்டுப் பிரேதம். தொட விடுவாங்களா? எனக்குன்னு கிடைக்கிறது அந்த நேரம் மட்டும்தான்னு தெரிஞ்சுபோச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். சில்லுன்னு ஆச்சு. அப்பவும் விட மனசு வரல."

 இருபத்தைந்து வயதில் எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் பரீட்சையில் பெயிலானவர்களுக்கு உரியவை.

"அப்போ இத்தனை வருஷமா தப்பான நாள்லதானே பண்றாங்க?" என்றார்.

"ஆமா டீச்சர். நவமியில பண்ணணும்."

"எனக்கு அதுல நம்பிக்கை இருக்கா இல்லையாங்கறது இல்ல விஷயம். அவருக்கு இருந்தது. கோயிலுக்கு அடிக்கடி போக மாட்டார். ஆனா அவங்கப்பா திதி வந்தா, அந்த வீட்டுல சேர்க்க மாட்டாங்கன்னு தெரியும், இந்தக் கிணத்தடியில தனியா நின்னு எள்ளும் தண்ணியும் விட்டுட்டுத்தான் சாப்பிடுவார். அப்படிப்பட்டவருக்கு நாள் தப்பா நடக்குது. என்னால."

"யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லலாம் டீச்சர். ஆஸ்பத்திரியில நேரத்தை மாத்தி எழுதிட்டாங்கன்னு..."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்க்கிற பார்வை.

"ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யா? நானே போய்ச் சொல்றேன். துணைக்கு வர்றீங்களா?"

அடுத்த சனிக்கிழமை பழவந்தாங்கலில் இறங்கி நடந்தோம். சங்கரன் வீட்டு வாசலில் செம்பருத்தி. கேட்டுக்கு முன்னால் டீச்சர் நின்றுவிட்டார். தாழ்ப்பாளை நான்தான் நீக்கினேன்.

சங்கரன் நான் எதிர்பார்த்த ஆள் இல்லை. மெலிந்த, சோர்ந்த மனிதர். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் மனைவியை மன்னி என்று கூப்பிட வேண்டும். அவர் எப்படியும் கூப்பிடவில்லை. "உக்காருங்கோ" என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். உள் கதவுக்குப் பின்னால் ஒரு புடவைத் தலைப்பு தெரிந்தது. அவர் மனைவி.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "திதி நவமி. தசமி இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். வாட்சைப் பார்த்தது, நர்ஸ் கேட்டது, தூங்குகிறார் என்று சொன்னது. சங்கரன் குறுக்கே ஒரே ஒரு முறைதான் பேசினார்.

"மூணு மணிக்கே போயிட்டார்னா, ஏன் சொல்லலே?"

"சொன்னா நீங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவீங்க."

பரங்கிமலைப் பக்கம் ஒரு விமானம் இறங்குகிற சத்தம் வீட்டை நிறைத்துவிட்டுப் போனது.

கோபப்படுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆனது. "அப்போ இத்தனை நாளா அண்ணாவுக்கு ஒண்ணுமே போய்ச் சேரலியா?" என்றார். "வருஷா வருஷம் ஒரு குறையும் வெக்காமத்தானே பண்ணிண்டிருக்கேன்? உயிரோட இருக்கறச்சே வாசல்ல ஏத்தலே... இதையாவது ஒழுங்கா பண்ணணும்னு..."

முடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது யார் யாரைத் தேற்றினார்கள் தெரியுமா? கிரேஸ் டீச்சர்தான்.

"சேர்ந்திருக்கும்" என்றார். "அவர் எதுக்குமே நேரம் பார்க்க மாட்டார். மத்தியானச் சாப்பாட்டைச் சாயந்திரம் போட்டாலும் ஒண்ணும் சொல்லாம சாப்பிடுவார்."

சங்கரன் சிரித்தார். சிரிப்பா, வேறெதுவா என்று சொல்ல முடியாத ஒன்று. உள்ளேயிருந்து இரண்டு டம்ளரில் காபி வந்தது. கொண்டுவந்து வைத்த அந்த அம்மாள் உடனே உள்ளே போகவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசியிலே ஏதாவது கேட்டாரா?"

"இல்லம்மா. ஜன்னலைத் திறன்னார். திறந்தேன்."

அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் கிளம்பினோம். "வாத்தியாரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் சங்கரன், வீட்டுப் புரோகிதரை மனதில் வைத்து. மறுபடியும் நாற்காலியிடம்தான் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். பல்லாவரம் தாண்டியதும், "நல்ல மனுஷங்க" என்றார்.

தீபாவளி நெருங்கியது. தாம்பரம் மார்க்கெட் ரோடில் பட்டாசுக் கடைகள் முளைத்தன. ஒரு நாள் சாயந்திரம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, எங்கள் கேட்டுக்கு வெளியே சங்கரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கேட்டுக்கு உள்ளே டீச்சர். எவ்வளவு நேரமாக அப்படி நின்றார்களோ, தெரியாது.

"வாத்தியார் சொல்லிட்டார்" என்றார் சங்கரன், என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தவராக. "பிராணன் போன நேரம்தான் கணக்காம். டாக்டர் பார்த்த நேரம் இல்லியாம். இந்த வருஷத்துலேர்ந்து நவமியிலேயே பண்ணிடறோம். அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் டீச்சர்.

"உள்ள வாங்களேன் சார்" என்றேன் நான்.

"இல்லே, இருட்டிடும்." சைக்கிளைத் திருப்பினார். ஒரு காலைப் பெடலில் வைத்தார். பிறகு எடுத்தார். "ஒரு மணி வாக்குல எல்லாம் முடிஞ்சுடும். அதுக்கப்புறம்தான் நாங்கள்லாம் சாப்பிடுவோம்."

அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சொன்னார். வா என்று கூப்பிட அவருக்குத் தைரியம் இல்லை. நேரத்தையாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்திருக்கலாம். டீச்சர் ஒரு வினாடி காத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அந்த ஒரு வார்த்தை, மன்னி என்கிற அந்த மூன்றெழுத்து வருமா என்று. வரவில்லை. "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நவமி ஒரு வேலை நாளில் வந்தது. டீச்சர் லீவு. நானும் வயிற்று வலி என்று ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். முதல் நாளே டீச்சர் கேட்டிருந்தார்: "அங்க என்னென்ன சமைப்பாங்க தம்பி?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாழைக்காய், பாகற்காய், பயத்தம்பருப்பு, எள்ளுருண்டை, வடை... வெங்காயம் கூடாது, பெருங்காயம் கூடாது. அவ்வளவையும் சமைத்திருந்தார். எள்ளுருண்டை மட்டும் உருண்டையாக வரவில்லை. கிண்ணத்தில் உதிராகவே வைத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கே சமையல் ஆகிவிட்டது. இரண்டு இலை போட்டார். பரிமாறவில்லை. காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம். தூறல். ஏரி நிரம்பி, தவளைகள் பகலிலேயே கத்திக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் ஏதோ குழந்தை அவசரப்பட்டு ஒரு ஓலை வெடி வெடித்தது.

நங்கநல்லூரில் இந்நேரம் கூடம் நிறையப் புகையாக இருக்கும். மந்திரம் கேட்கும். விசுவநாதன் என்கிற பெயரைச் சொல்லி அழைப்பார்கள். இங்கே அந்தப் பெயருக்கு மனைவி, கையை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி தாண்டியது.

"முடிஞ்சிருக்குமா தம்பி?"

"முடிஞ்சிருக்கும் டீச்சர்."

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "எதுக்கும் பார்ப்போம். வாத்தியார் லேட்டா வந்திருந்தா?" என்றார். எனக்குப் பசி காதை அடைத்தது. இருந்தாலும், ஆமாம், லேட்டாகத்தான் வருவார்கள் என்றேன்.

பிறகு எழுந்து பரிமாறினார். இலைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி, வாய்க்குள் ஜெபம் சொன்னார். கடைசியில் கணவர் பெயர் மட்டும் காதில் விழுந்தது. சாப்பிட்டோம். பாகற்காயில் உப்பு இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இலை எடுக்கும்போது சொன்னார்: "அந்த ஒரு மணி நாப்பது நிமிஷத்தை யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். இப்ப அதுவும் அவங்க கணக்குல போயிடுச்சு, இல்ல?"

"வருத்தமா இருக்கா டீச்சர்?"

யோசித்தார். "இருக்கு" என்றார். "ஆனா சாப்பாடு இறங்குது. போன வருஷமெல்லாம் இறங்கல."

கை கழுவிவிட்டு வந்து, "அடுத்த வருஷம் எப்ப வருது?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷப் பஞ்சாங்கம் இன்னும் வரல டீச்சர். சித்திரைக்கு முன்னால வந்துடும்."

"வந்ததும் சொல்லுங்க."

சொன்னேன். அதற்கடுத்த வருஷமும் சொன்னேன். பிறகு எனக்கு வேறு இடத்தில் வீடு கிடைத்தது. டீச்சர் ரிடையர் ஆனதும் பாளையங்கோட்டைக்கே போய், விதவையான தங்கையோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே இருந்தவரை நங்கநல்லூரிலிருந்து அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் நவமி தப்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசியில், ஒரு மணி தாண்டுகிற வரை இரண்டு வீட்டில் இலை காத்திருந்தது. ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு இருப்பது தெரியும். அவ்வளவுதான் உறவு.

இன்றைக்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் பார்க்கிறேன். கிணறு வெட்ட ஒரு நேரம், புதுத்துணி உடுத்த ஒரு நேரம், மாடு வாங்க, மருந்து சாப்பிட, வழக்குப் போட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். பிடித்த கையை விடுவதற்கு மட்டும் எந்த நேரமும் போட்டிருக்கவில்லை...

போட்டிருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்!